எம் பையனுக்கு வலிப்பு வரும்

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். கவுண்டருக்கு உள்ளே நின்று பல வருடமாகப் பார்க்கிற ஒரு விஷயம் இது. சுகர் மாத்திரைக்கு வருகிறவர்கள் எதிர்க்கடைக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார்கள். "பாப்பா, மெட்பார்மின் ஐநூறு ஒரு அட்டை குடு. நேத்து கல்யாண வீட்ல கொஞ்சம் ஜாஸ்தியா பூட்சி." பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வலிப்பு மாத்திரைக்கு வருகிறவர்கள் முன்னால் இருக்கிற ஆள் போகட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். சீட்டை நாலாக மடித்து நீட்டுவார்கள். குரல் தாழ்ந்துவிடும். "கவர்ல போட்டு குடும்மா." முக்கால்வாசிப் பேர் அம்மாக்கள், அதுவும் வயசுக்கு வந்த பிள்ளை வைத்திருக்கிற அம்மாக்கள். சிலர் பெயர் அச்சடித்த பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு வெறும் அட்டைகளை மட்டும் பர்ஸுக்குள் செருகிக்கொண்டு போவார்கள்.

அவரவர் உடம்பு, அவரவர் வீடு, யாரிடம் சொல்வது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதில் பாதிக்குமேல் மாறவில்லை. ஆனால் மிச்சப் பாதி எங்கள் வீட்டுப் பையனால் ஆட்டம் கண்டுவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பையன் என் தங்கையின் மகன். காசிமேட்டுப் பக்கம் குப்பத்தில் வீடு, அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுகிறபடி தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். எழுதுவதற்கு அவனிடம் கேட்டேன். "குப்பத்து பேரு போடாத பெரிம்மா, மத்தபடி எழுது" என்றான்.

அவனுக்குப் பதினைந்து வயதில், காலையில் டீ கிளாஸ் கையிலிருந்து தெறிக்க ஆரம்பித்தது. நழுவி விழுவது வேறு, இது வேறு. யாரோ முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி கை ஒரு துள்ளு துள்ளும், டீ சுவரில் அடிக்கும். பல் தேய்க்கும்போது பிரஷ் பறக்கும். அரைமணி, ஒருமணி நேரம் போனால் ஒன்றும் இருக்காது. வீட்டில் திட்டு விழுந்தது: ராத்திரி முழுக்க போன் பார்த்தால் கை இப்படித்தான் நடுங்கும் என்று. கேரம் கிளப்பில் பையன்கள் கிண்டல் செய்தார்கள். வடசென்னையில் கேரம் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கிய ஆட்டம் இது. செரியன் நகர் ஆட்டோக்காரர் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் கொண்டுவந்த ஆட்டம். தம்பி அதில் கெட்டிக்காரன். ஞாயிறு காலை ஆட்டத்தில் மட்டும் அவன் ஸ்ட்ரைக்கர் சம்பந்தமே இல்லாத பக்கம் பாயும். மாலையில் ஆடினால் ஒழுங்காகப் போகும். அந்த வித்தியாசத்தில்தான் நோயின் பெயரே இருந்தது. கவனிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

மே மாதம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க, ஃபைபர் படகுக்காரர்களுக்கு மட்டும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள். பள்ளிக்கூடம் லீவு. அப்பாவுக்கு ஒத்தாசையாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வலையும் ஐஸும் ஏற்றிவிடப் போவான், பகலில் வெயிலில் தூங்கவும் முடியாது. அப்படித் தூக்கம் கெட்டுப்போன நாட்களின் முடிவில், ஒருநாள் விடிகிற நேரத்தில் படகை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தான். முழு ஃபிட்ஸ். சுற்றி நின்றவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், ஒருவர் வாய்க்குள் கரண்டிக் காம்பை விட்டார். பல் ஒன்று ஓரத்தில் உடைந்தது.

யாரும் கேட்காத கேள்வி

முதலில் காட்டிய இடத்தில் கீழே விழுந்த கதையை மட்டும் கேட்டு ஒரு மாத்திரை எழுதினார்கள். கார்பமசெபின். நல்ல மருந்துதான், வேறு வகை வலிப்புக்குப் பல காலமாகக் கொடுக்கிறார்கள். தம்பிக்கு வந்திருந்த வகையில் அது கை துள்ளலைக் கூட்டிவிடக்கூடும். கூட்டியது. காலையில் ஒரு துள்ளு துள்ளிய கை நாலைந்து தடவை துள்ள ஆரம்பித்ததும் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனோம். என் அம்மா இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். பஞ்ச காலத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம் என்பதால் வந்த பெயர். அங்கே நியூரோ ஓ.பி.யில் ஒரு இளம் டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு நேராகத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "காலையில எழுந்ததும் கை துள்ளுமா? கையில இருக்கிறது எகிறி விழுமா?" தம்பி திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தான். டீ கிளாஸுக்காக அத்தனை நாள் வாங்கிய திட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் கை தோள் துள்ளும். தூக்கம் கெட்டாலும், மாத்திரை விட்டாலும், குடித்தாலும் பெரிய ஃபிட்ஸாக வரும். தலை ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, அவனுக்கும் தெரியவில்லை. முந்தின ராத்திரி தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்லி எடுத்த ஈ.ஈ.ஜி.யில்தான், அதாவது மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்கிற சோதனையில்தான், பிடிபட்டது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. சரியான மாத்திரையில் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வந்துவிடும். ஆனால் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் பல வருடம், பலருக்கு ஆயுளுக்கும் மாத்திரை. இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது ஃபிட்ஸ் என்றால், ஒருவர் பக்கத்தில் இருந்து அடிபடாமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத் துள்ளலையும் எடுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது பிள்ளைக்கு ஒன்றும் வராது, நமக்கும் பாதி மறந்துபோயிருக்கும்.

அவனுக்கு சோடியம் வால்ப்ரோயேட் எழுதினார்கள். 1962இல் பிரான்சில் இதை மற்ற மருந்துகளைக் கரைத்துச் சோதிக்கிற திரவமாக வைத்திருந்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு நிற்கிறதே என்று பார்த்தபோது, கரைத்த திரவமே மருந்து என்று தெரிந்தது. தம்பிக்குக் கேட்டது. கூடவே உடம்பு போட்டது, முடி கொட்டியது. பெண் பிள்ளைகளுக்கு இந்த மருந்தில் வேறொரு பெரிய கவலை இருக்கிறது: கர்ப்ப காலத்தில் குழந்தையைப் பாதிக்கும். அதனால் முடிந்தவரை தவிர்த்து வேறு கொடுப்பார்கள். கவுண்டரில் மெதுவான குரலில் கேட்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். மகளுக்கு வால்ப்ரோயேட் போகிறது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாமல் ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகும். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் போய் இதைப் பேசுங்கள்.

கல்யாணம் என்றதும் தங்கையின் பயம் ஞாபகம் வருகிறது. தம்பிக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள். "அண்ணனுக்கு ஃபிட்ஸுன்னா இவள யாருக்கா எடுப்பாங்க?" அவள் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இந்த நாட்டில் 1999 வரைக்கும் இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடத் திருத்தத்தில்தான், சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் சேர்த்து, அதை எடுத்தார்கள். சட்டத்தில் எடுத்தது குப்பத்துக்கு வந்து சேரவில்லை. எனவே ஒளித்தோம். பள்ளிக்கூடத்தில் டைபாய்டு என்று சொன்னாள். மாத்திரையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். தம்பி வெளியே எங்கேயும் ராத்திரி தங்கக்கூடாது, பீச்சுக்குப் போகக்கூடாது, மொட்டை மாடியில் படுக்கக்கூடாது, கேரம் கிளப்புக்கும் போகக்கூடாது. பத்திலே நாலு அவசியமான கட்டு, ஆறு பயத்தில் வந்தது. அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் எதற்கும் காரணம் சொல்ல ஆளில்லை. பேச்சு குறைந்தது. கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவிக்கொண்டே இருப்பான். வலிப்பு இருக்கிற இளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது அதிகம் என்று எனக்குத் தெரியும். சில வலிப்பு மாத்திரைகளே, லெவடிராசிட்டம் மாதிரி, கோபத்தையும் எரிச்சலையும் கிளப்பிவிடும். ஓ.பி.யில் அதையும் கேட்கச் சொல்லித் தங்கையிடம் எழுதிக்கொடுத்தேன். ஃபிட்ஸ் எத்தனை வந்தது என்பதோடு பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு கேரம் டோர்னமென்ட். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கினான். மாத்திரையை எடுத்துப்போகவில்லை. பையன்கள் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று. ராத்திரி நெடுநேரம் பிராக்டிஸ். தூக்கமும் இல்லை, மாத்திரையும் இல்லை. விடிகாலையில் கிளப்பின் சிமெண்ட் தரையில் விழுந்தான். பத்துப் பதினைந்து பையன்கள் இருந்த இடம், ஒருவனுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இரண்டு பேர் காலைப் பிடித்து அமுக்க, ஒருவன் கையைப் பிடித்து அமுக்க, தோள்பட்டை இறங்கிவிட்டது. நினைவு வந்தபோது சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரெல்லாம் பாத்தாங்க?"

கிளப்பில் அந்தச் சாயங்காலம்

என் தங்கை வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கடலுக்குப் போகிறார், வருகிறார், கணக்கைக் கொடுக்கிறார். மருத்துவ விஷயம் எல்லாம் என் பொறுப்பு என்று விட்டிருந்தவர். தோளுக்குக் கட்டுப் போட்டுத் தம்பி வீட்டில் கிடந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "நான் அந்தப் பசங்க கைல சொல்லட்டாடா?" தம்பி பதில் சொல்லவில்லை. தங்கை கத்தினாள். அவர் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார். சில நாள் கழித்துத் தம்பியே சொன்னான்: "நீயே சொல்லு நைனா. ஆனா நான் அங்க இருக்க மாட்டேன். கிளப்பு பசங்களுக்கும் உன் போட்ல வர்றவங்களுக்கும் மட்டும். தெருவுல வேணாம். ஸ்கூல்ல நானே ஒரு சார்கிட்ட சொல்லிக்கறேன்."

இந்த ஏற்பாட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பெரியவர்கள் அதுவரை இரண்டே வழியைத்தான் பார்த்தோம். ஒன்று, மூடி வைப்பது. இன்னொன்று, ஊருக்கே தெரிந்துவிடுவது. பதினேழு வயதுப் பையன் தனக்கு வேண்டிய ஆட்களை எண்ணி எடுத்து, யார் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், தான் எங்கே இருப்பான் என்பது வரை முடிவு செய்திருந்தான். அவன் கூட இருக்கிற நேரத்தில் விழுந்தால் யார் கையில் விழுவானோ, அவர்களுக்கு மட்டும்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம், கிளப்பில் இரண்டு போர்டு ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் மூன்று பேரும் அங்கேயே வந்திருந்தார்கள். "எம் பையனுக்கு வலிப்பு வரும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மாத்திர சாப்பிடறான். அப்பயும் எப்பனா வரலாம். ஒட்டிக்கற சீக்கு இல்ல. வந்தா இன்னா பண்ணணும்னு அண்ணி சொல்வாங்க." அவ்வளவுதான். அந்த மனிதர் குப்பத்தில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. போர்டில் பவுடர் போட்டுக்கொண்டிருந்த பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அன்னிக்கு கைய நான்தான் மாமா அமுக்கிப் புடிச்சேன். தோளு என்னாலதான் எறங்குச்சா?" அவன் அதை அத்தனை நாளாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறான். தெரியாமல் செய்தது, உதவிக்குத்தானே ஓடிவந்தாய் என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார் அவர்.

நான் ஒரு பையனைத் தரையில் படுக்கச் சொல்லிக் காட்டினேன். சுற்றியிருக்கிற ஸ்டூலைத் தள்ளு. தலைக்கடியில் எதையாவது மெத்தென்று வை, சட்டையைச் சுருட்டி வைத்தாலும் போதும். அமுக்காதே. வாய்க்குள் எதுவும் விடாதே, தண்ணியும் ஊற்றாதே. துள்ளல் அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்க வை, எச்சில் வெளியே வழியட்டும். போனில் நேரம் பார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலும், ஒன்று முடிந்து நினைவு வருவதற்குள் இன்னொன்று வந்தாலும், 108க்கு அடி. முடிந்த பிறகு அவன் குழம்பிப்போயிருப்பான், தூங்குவான். ஒருத்தர் கூடவே இருங்கள், மற்றவர்கள் கூட்டம் போடாமல் விலகிப் போங்கள்.

படகுக்காரரில் பெரியவர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சாவி குடுத்தா நிக்குதும்மா. எங்கண்ணால எத்தினியோ வாட்டி பாத்துக்கீறேன்." அவர் பார்த்ததில் பொய் இல்லை. பெரும்பாலான ஃபிட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். ஒருவர் கத்தி, இன்னொருவர் ஓடி, யாரோ இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் முடிந்துவிடுகிறது. நின்றது சாவியால் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். "அப்ப அந்த மூணு நிமிசம் நாம சாவி தேடாம இன்னா பண்றது?" என்றார். பக்கத்தில் உட்காருங்கள், தலை தரையில் மோதாமல் பாருங்கள், நேரம் எண்ணுங்கள் என்றேன். "அத்த பண்லாம்" என்றார்.

ஒருவன் கேட்டான், அவன் இனிமேல் ஆடலாமா? ஆடலாம், ராத்திரி பதினொரு மணிக்குமேல் அவனைப் பிடித்து வைக்காதீர்கள், அவ்வளவுதான். இன்னொருவன், மாத்திரை எத்தனை மணிக்கு? காலை எட்டு, ராத்திரி எட்டு. மறுநாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளப்பில் யாராவது ஒருவன் தம்பியைப் பார்த்து, "டேய், எட்டாச்சு" என்பான். விளக்கம் எதுவும் கிடையாது. தம்பி பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். அம்மா அதே மாத்திரையை நீட்டினால் முகம் திருப்பிக்கொள்கிறவன், சிநேகிதன் சொன்னால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறான். பாத்ரூம் தாழ்ப்பாளைப் போடாமல், உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்ட ஒரு பலகையைத் தொங்கவிடுவது என்ற யோசனையும் பையன்களிடமிருந்து வந்ததுதான்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது என்றும், சரியான சிகிச்சை கிடைத்தால் அதில் 70 சதவீதம் பேர் வரை ஃபிட்ஸே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை என்பதில் மாத்திரை மட்டும் அடங்கினால், அதைப் பாக்கெட்டில் எடுத்துப்போக வெட்கப்படுகிற பையனுக்கு அது போய்ச் சேராது. என் கவுண்டரில் மாத்திரை குறைவில்லாமல் இருக்கிறது, ஸ்டான்லியில் இலவசமாகவே கிடைக்கிறது. தம்பிக்கு இல்லாமல் போனது அன்று ராத்திரி அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடிய ஒரு ஆள்.

கடல்

இன்னும் முடியாத விவகாரம் இதுதான். தாத்தா, அப்பா, மாமன் மச்சான் எல்லாரும் போகிற கடலுக்கு இவன் போகக்கூடாது. ராத்திரி கண்விழிப்பு ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். வலையோடு சேர்ந்து விழுந்தால் யாரும் இழுத்துப்போட முடியாது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், நானும் அவனிடம் மழுப்பவில்லை. டிரைவர் லைசென்ஸ் படிவத்தில்கூட வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது, பொய் எழுதக்கூடாது என்பதையும் சொன்னேன். எல்லாம் சரியாகிவிடும் என்று அவனிடம் நான் சொல்வதில்லை. எது முடியும், எது முடியாது, எதற்கு இன்னும் பதில் இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். கோபப்படுகிறான், கேட்டுக்கொள்கிறான்.

இப்போது பதினெட்டு. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஐ.டி.ஐ. படிக்கிறான். துறைமுகத்தில் படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், மீன் பார்க்கிற எக்கோ சவுண்டர் எல்லாவற்றையும் ரிப்பேர் செய்கிற கடை ஒன்றில் பகலில் போய் உட்காருகிறான். கட்டிக் கிடக்கிற லாஞ்சில் ஏறி வயர் மாற்றிவிட்டு வருகிறான். கரையோடு நிற்கிற வேலை என்று அதில் அவனுக்கு மனக்குறை இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். அதைப் போக்குகிற வார்த்தை என்னிடம் இல்லை, தேடவும் இல்லை.

அவன் கேட்பது ஒன்று: பகல் நேரத்தில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அப்பாவோடும் விஷயம் தெரிந்த அந்த மூன்று பேரோடும் ஒருமுறை போய்வரலாமா? நான் போகலாம் என்கிற பக்கம், டாக்டர் சரி என்றால். தங்கை கூடவே கூடாது என்கிறாள், என்னோடு இரண்டு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. அவள் வீட்டுக்காரர் வழக்கம்போல் காத்திருக்கிறார். அடுத்த நியூரோ ஓ.பி.க்கு யாரும் உள்ளே வரவேண்டாம், தானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். பழைய சீட்டின் பின்பக்கம் மூன்று கேள்வி எழுதி என்னிடம் காட்டினான். எத்தனை மாதம் ஃபிட்ஸ் வராமல் இருந்தால் அப்படிப் படகில் போகலாம். முடி கொட்டுகிறதே, மாத்திரையை மாற்ற முடியுமா. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்து நைட் ஷிஃப்ட் போட்டால் என்ன செய்வது. மூன்றாவதற்குப் பதில் எனக்கே தெரியும், வேண்டாம் என்பார்கள், பகல் ஷிஃப்ட் மட்டும் என்று சான்றிதழ் எழுதித் தரச்சொல்லிக் கேட்கலாம். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே கேட்டுவிட்டு வரட்டும்.